நூறு செய்தால் பாதி விலைக்கு வருமா?

கேள்வி: எங்களுக்கு ஊர் வேப்பூர். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் அச்சுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அப்பா வாங்கி வைத்திருந்த ஆக்ஃபா கிளிக் 3 கேமராவில் தொடங்கியது எனக்கு இந்த ஃபிலிம் பித்து. கடலூரில் 3டி பிரிண்டர் வைத்திருக்கும் நண்பர் ஒருவரும் நானும் சேர்ந்து, 120 ஃபிலிமில் 6×17 அளவுக்குப் படம் விழும் பனோரமா கேமரா ஒன்றைச் செய்திருக்கிறோம். எங்கள் ஊர் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே படத்தில் பிடித்துக் காட்டியதும், முப்பது பேர் வரை தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்கிறார்கள். 28,000 ரூபாய் என்றால் மட்டும் 'பிளாஸ்டிக் பெட்டிக்கா இவ்வளவு?' என்று இழுக்கிறார்கள். மோல்டு போட்டு நூறு செய்தால் பாதி விலைக்குக் கொடுத்துவிடலாம் என்பது நண்பரின் வாதம். அது சரிதானா? அப்பா காலத்தில் பள்ளிக்கூட வாத்தியார்கள்கூட கேமரா வாங்கினார்கள். 2024-ல் வந்த பென்டாக்ஸ் 17 ஃபிலிம் கேமராவுக்கு 500 டாலர் கேட்டார்கள். எண்ணிக்கைக்கும் விலைக்கும் என்னதான் கணக்கு?
– வாசகர், வேப்பூர்

பதில்: பாதி விலைக்கு வராது. நூறு செய்தாலும் வராது, ஆயிரம் செய்தாலும் வராது. உங்கள் கேமராவின் கணக்கையே போட்டு அதைக் காட்டுகிறேன். அதற்கு முன் உங்கள் யூனிட்டுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாம். நீங்கள் கேட்டதில் பெரும்பகுதிக்கு விடை அங்கேயே இருக்கிறது.

விருத்தாசலத்தில் பொம்மை எடுப்பதற்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு. அதைச் செய்ய அதிகம் செலவாகாது. ஆனால் ஐம்பது, மிஞ்சினால் நூறு வார்ப்பில் ஓரம் தேய்ந்து பொம்மையின் மூக்கு மழுங்கிவிடும், வேறு அச்சு போட வேண்டும். கட்-அவுட் ஃபியூஸுக்கு எஃகு டை. அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும், ஆனால் ஆயிரமாயிரமாக அழுத்தித் தள்ளலாம். பத்து டஜன் பொம்மைக்கு எஃகு டை போடுகிறேன் என்று யாராவது வந்தால் உங்கள் முதலாளி என்ன சொல்வார்? லட்சம் ஃபியூஸுக்கு பிளாஸ்டர் அச்சு என்றாலும் அதையேதான் சொல்வார். அப்புறம் சூளை. நிறைய அடுக்கி எரித்தாலும் பாதி அடுக்கி எரித்தாலும் எரிபொருள் ஏறத்தாழ ஒன்றுதான். பாதி அடுக்கிய அன்று ஒவ்வொரு கோப்பையும் இரண்டு கோப்பைக்கான நெருப்பைத் தின்றிருக்கும். டையும் சூளையும் உங்களுக்குத் தெரியும் என்பதால் மேலே எளிதாகப் போகலாம்.

அப்பாவின் கிளிக் 3 டை போட்ட சரக்கு. ஜெர்மனியில் 1950களின் இறுதியில் வந்த ஆக்ஃபா கிளிக் வரிசையின் இந்திய வடிவம் அது. குஜராத்தில் வதோதராவில் தயாரானது. 120 ரோலில் பன்னிரண்டு சதுரப் படம். ஷட்டருக்கு ஒரே வேகம், வெயிலுக்கும் மேகத்துக்கும் ஒரு தட்டு. உள்ளே கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லாததால்தான் உங்கள் வீட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. வெளிநாட்டுக் கேமராவுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடும் வரியும் இருந்த காலம். யாஷிகா வேண்டுமென்றால் சென்னை பர்மா பஜாரில் பேரம் பேச வேண்டும், அல்லது சிங்கப்பூரிலிருந்து உறவுக்காரர் வர வேண்டும். மற்ற எல்லாருக்கும் கிளிக்தான். நாடு முழுவதும் பிறந்தநாள், கல்விச் சுற்றுலா, காதுகுத்து என்று வாங்கினார்கள். அத்தனை பேர் தலையில் அச்சுச் செலவு பிரிந்ததால்தான் வாத்தியார் சம்பளத்துக்கு அது எட்டியது. வடிவமைப்பை ஆக்ஃபா ஏற்கெனவே ஜெர்மனியில் முடித்திருந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் மாதிரி செய்து, தவறி, திருத்தும் செலவின் பெரும்பகுதி இந்தியாவில் விற்ற கேமராவின் மேல் விழவே இல்லை.

எண்ணிக்கை பெருகும் என்ற நம்பிக்கை இருந்தால் வடிவமைப்பையே மாற்றிவிடலாம். 1976-ல் கேனன் ஏஇ-1 வந்தபோது நடந்தது அதுதான். உள்ளே ஒரு சிறு கணிப்பானை வைத்ததில் சுமார் முந்நூறு பாகங்கள் குறைந்தன. மீதியைத் தனித்தனித் தொகுதிகளாகப் பிரித்து, பெரும்பாலும் இயந்திரங்களே கோக்கும்படி செய்தார்கள். அந்தச் சில்லுக்கும் இயந்திர வரிசைக்கும் ஆன முதலீட்டை ஐந்தாயிரம் கேமரா விற்று எடுத்திருக்க முடியாது. பல லட்சம் விற்றார்கள், விலையும் இறங்கியது. 1990களின் கடைசியில் ஜப்பான் நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு மூன்று கோடிக்கும் மேல் ஃபிலிம் கேமரா அனுப்பிக்கொண்டிருந்தன. ஃபிலிம் கேமரா என்றால் மலிவு என்று நம் மனத்தில் பதிந்திருப்பது அந்தக் காலத்து விலை.

இப்போது பென்டாக்ஸ் 17 என்ற அரை ஃபிரேம் கேமரா. பென்டாக்ஸ் பெயரை வைத்திருக்கும் ரிக்கோ நிறுவனம் ஃபிலிம் கேமரா திட்டத்தை 2022 டிசம்பரில் அறிவித்து, 2024 ஜூனில் கேமராவை வெளியிட்டது. அதை வெறும் பிளாஸ்டிக் என்று தள்ளிவிட முடியாது. மேல்மூடியும் அடிமூடியும் மக்னீசியம் உலோகக் கலவை, லென்ஸ் கண்ணாடி, ஒளியளந்து தானே இயங்கும் ஷட்டர். ஆனாலும் காசு அதிகம் போனது கண்ணுக்குத் தெரியும் பாகங்களில் இருக்காது என்பது என் எண்ணம். ஃபிலிம் சுற்றும் நெம்புகோல் பொறியமைப்பைச் செய்து பல்லாண்டு ஆகிவிட்டதால், பழைய வரைபடங்களைத் தூசி தட்டி, அனுபவப்பட்ட மூத்த பொறியாளர்களிடம் இளையவர்கள் பாடம் கேட்டுத்தான் அதை மறுபடி செய்தார்கள். கைவிட்டுப் போன ஒரு கைத்திறனை மீட்ட செலவு அது. டிஜிட்டல் கேமராக்களோடு ஒப்பிட்டால் விற்பனையும் சிறியது. ஆகவே ஒவ்வொரு கேமராவும் அந்தச் செலவில் கணிசமான துண்டைச் சுமக்கிறது. அதே அரை ஃபிரேம் வகையில் கோடக் பெயரோடு வரும் எக்டார் எச்35 ஐம்பது டாலருக்குள் கிடைத்தது. அதில் புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. ஷட்டருக்கு ஒரே வேகம், குவியம் அசையாது, கிட்டத்தட்ட உங்கள் அப்பாவின் கிளிக்தான். பத்து மடங்கு விலை வித்தியாசத்தைப் பார்த்து பென்டாக்ஸ்காரர் கொள்ளையடிக்கிறார் என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

நீங்கள் பனோரமாக்காரர் என்பதால் ஹாசல்பிளாட் எக்ஸ்பான் கதையும் தெரிய வேண்டும். ஃபியூஜி தயாரித்து 1998-ல் இரண்டு பெயர்களில் வந்த கேமரா அது. சாதாரண 35 மி.மீ. ஃபிலிமில் அகலப் படம் எடுக்கும். ஈயம் கலந்த பற்றவைப்புக்கு 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் தடை கொண்டுவந்தது. உள்ளிருக்கும் மின்பலகைகளை ஈயமில்லாமல் மறுபடி வடிவமைத்தால்தான் அங்கே தொடர்ந்து விற்கலாம். பெரிய வேலை ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளும் அளவுக்கு விற்பனை இல்லை என்று உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். இன்று அதே கேமரா பழைய சந்தையில் அன்றைய விலையைவிட அதிகத்துக்குக் கைமாறுகிறது. இந்த விலையைப் பார்த்து, 'அப்போதே தொடர்ந்திருக்கலாமே' என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். விலை ஏறியதே உற்பத்தி நின்றதால்தான்.

சின்ன எண்ணிக்கையிலேயே வாழ்ந்த கேமரா ஒன்றும் நம் பக்கத்தில் இருந்தது. ஆலப்புழையில் கருணாகரன் என்பவர் 1940களில் தொடங்கிய வாகீஸ்வரி கேமரா. அவர் குடும்பத் தொழில் இசைக்கருவி செய்வதும் பழுது பார்ப்பதும். வெளிநாட்டு ஸ்டூடியோ கேமரா ஒன்றின் துருத்தி கிழிந்துபோய் அவர்கள் கடைக்கு வந்தது. ஆர்மோனியத்துக்குத் துருத்தி மடிக்கத் தெரிந்த கைக்கு கேமராத் துருத்தி பெரிய வித்தையா? துருத்தியில் தொடங்கி முழுக் கேமராவையே செய்துவிட்டார்கள். உடம்பு பர்மா தேக்கு, பொருத்துவதெல்லாம் பித்தளை, லென்ஸ் மட்டும் வெளிநாட்டுச் சரக்கு. தென்னிந்திய ஸ்டூடியோக்களில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு 'அசையாம இருங்க' என்ற குரல்களில் கணிசமானவை வாகீஸ்வரிக்குப் பின்னாலிருந்து வந்தவை. 1980கள் வரை அந்தத் தொழில் ஓடியது.

அது எப்படிக் கட்டுப்படியானது? தேக்குப் பலகைக்கு டை கிடையாது. முதல் கேமராவுக்கு ஆசாரி எத்தனை நாள் இழைக்கிறாரோ, ஐந்நூறாவது கேமராவுக்கும் அவ்வளவு நாள்தான் ஆகும், கை பழகியதில் கொஞ்சம் குறையலாம். மாதம் நான்கு விற்றாலும் நாற்பது விற்றாலும் ஒரு கேமராவின் அடக்கம் பெரிதாக மாறாது. எண்ணிக்கை குறைந்தால் வருமானம் குறையுமே தவிர, விற்காத டையின் வட்டி கழுத்தை நெரிக்காது. உங்கள் நிலைமைக்கு கேனனைவிட, பென்டாக்ஸைவிட கருணாகரன்தான் வழிகாட்டி என்பேன்.

லைக்காவும் ஒரு வகையில் இந்தச் சாதிதான். 2015-ல் சுமார் 500 ஃபிலிம் கேமரா விற்ற நிறுவனம் 2023-ல் சுமார் 5,000 விற்றது. விற்பனை பத்து மடங்கானது, விலை இறங்கவில்லை. 2022-ல் மறுபிறவி எடுத்த எம்6 அமெரிக்காவில் 5,295 டாலருக்கு வந்தது. கையால் கோப்பதும் சரிபார்ப்பதும் ஒவ்வொன்றுக்கும் திரும்பத் திரும்ப ஆகும் செலவு. தவிர, வாங்குகிறவர் கொடுக்கத் தயாராக இருக்கும்போது எந்தக் கடைக்காரர் விலையைக் குறைப்பார்?

இனி உங்கள் கேமரா. கீழே வரும் தொகைகள் உதாரணத்துக்கு நான் போட்டவை. உங்கள் பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். 3டி பிரிண்டரில் உடம்பு செய்ய ஒன்றுக்கு 1,500 ரூபாய். 6×17 படத்தை மூடும் அளவு பெரிய லென்ஸும் அதனோடு வரும் ஷட்டரும், பழைய சந்தையில், 16,000. ஃபோகஸ் வளையம் 3,500. வியூஃபைண்டர், அழுத்துத் தகடு, திருகு, கறுப்பு ஸ்பாஞ்சு 1,500. கோத்து, ஒளிக்கசிவு பார்த்து, ஒரு ரோல் எடுத்துக் கழுவிச் சரிபார்க்கக் கூலி 3,000. ஆக 25,500. இது ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு. இதுவரை நீங்கள் வீணாக்கிய மாதிரிகள், அளவுகோல்கள், வாங்கிப் பார்த்துப் பிடிக்காமல் போன லென்ஸ் எல்லாம் சேர்த்து முதல் செலவு ஒன்றரை லட்சம் என்று வையுங்கள். முப்பது கேமராவுக்குப் பிரித்தால் தலைக்கு 5,000, நூறுக்கு 1,500, முந்நூறுக்கு 500. ஆகவே முப்பது செய்தால் அடக்கம் 30,500. நூறு செய்தால் 27,000. முந்நூறு செய்தால் 26,000.

முதல் எழுபது கேமரா கூடியதில் 3,500 ரூபாய் இறங்கியது. அடுத்த இருநூறு கூடியும் இறங்கியது ஆயிரம்தான். அடியில் 25,500 என்ற பாறை கிடக்கிறது. அதற்குக் கீழே எண்ணிக்கையால் மட்டும் போக முடியாது.

நண்பரின் மோல்டையும் பார்த்துவிடலாம். ஊசிவார்ப்பு மோல்டுக்கு 6 லட்சம், அதில் ஓர் உடம்பு எடுக்க 60 ரூபாய் என்று கொள்வோம். ஒன்றுக்கு 1,440 மிச்சம். 6 லட்சத்தை அதால் வகுத்தால் 417-வது கேமராவில்தான் மோல்டு போட்ட காசு திரும்பும். நூறோடு நின்றால்? உடம்பு ஒன்றுக்கு 6,060 ஆகி, மொத்த அடக்கம் 31,560. பிரிண்டரில் முப்பது செய்ததைவிட மோல்டில் நூறு செய்தது ஆயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதல். துணிந்து ஆயிரமே செய்தாலும் அடக்கம் 24,810. முப்பதிலிருந்து ஆயிரத்துக்குப் போயும் ஐந்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. காரணம், வாங்குபவர் கண்ணில் படும் அந்தப் 'பிளாஸ்டிக் பெட்டி' உங்கள் செலவில் மிகச் சிறிய துண்டு. நண்பர் அந்தத் துண்டை மலிவாக்கத்தான் 6 லட்சம் போடச் சொல்கிறார்.

இதைவிடப் பொல்லாதது லென்ஸ். ஆயிரம் லென்ஸ் வாங்கினால் தள்ளுபடி கிடைக்கும் என்ற எண்ணம் இங்கே செல்லாது. இந்த வகை லென்ஸோடு வரும் மெக்கானிக்கல் ஷட்டர்களைச் செய்துவந்த கோபால் என்ற ஜப்பான் நிறுவனம் அந்த உற்பத்தியை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. உலகில் இருப்பது இருப்பதுதான். நீங்கள் முப்பது வாங்கும்போது ஒன்று 16,000 என்றால், நூறு தேடத் தொடங்கியதும் விற்பவர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். எண்ணிக்கை கூடக் கூட விலை ஏறும். பழைய லென்ஸை நம்பிப் புதுக் கேமரா செய்யும் சிறு தயாரிப்பாளர்கள் எல்லாருக்கும் உள்ள தலைவலி இது.

ஃபிலிமையும் மறந்துவிடாதீர்கள். உங்கள் கேமராவில் ஒரு ரோலுக்கு நாலே படம். ஃபிலிம் விலை ஏறினால் கேமரா கேட்பவர்களும் குறைவார்கள். சூளைக் கணக்கு இங்கேதான் கொடூரமாக வேலை செய்கிறது. அகலமான சுருளில், முழு இருட்டில், நூல் பிசகாமல் ரசாயனம் பூசும் இயந்திரத்தை ஓட்டத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் வீணாவதே ஏராளம். கொஞ்சமாக ஓட்டினால் கட்டாது. ஊட்டியில் 1960-ல் அரசு தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத்தோடு 1967-ல் உற்பத்தியைத் தொடங்கியது. குளிரும் தூசியில்லாத காற்றும்தான் நீலகிரியைத் தேர்ந்தெடுக்க வைத்தன. கறுப்பு-வெள்ளை 'இந்து' ஃபிலிம், சினிமாச் சுருள், எக்ஸ்-ரே ஃபிலிம் என்று நாட்டுக்கே கொடுத்தது. பிறகு படங்கள் கலருக்குப் போயின. கலர் ஃபிலிமை அடியிலிருந்து தானே பூசும் திறன் அங்கே வளரவில்லை, பெரிய சுருளை வரவழைத்து வெட்டிக் கொடுப்பதோடு நின்றது. எக்ஸ்-ரேயைப் பெரிதாக நம்பிப் போட்ட முதலீட்டுக்குக் கடன் ஏறியது, இறக்குமதி திறந்தது, பின்னால் எக்ஸ்-ரேயும் டிஜிட்டல் ஆனது. நிர்வாகக் கோளாறு மட்டுமே அந்த ஆலையை மூடியது என்பவர்கள் இருக்கிறார்கள். கோளாறு இருந்தது உண்மை. ஆனால் 2012-ல் கோடக்கே திவால் மனு கொடுத்தது என்பதையும் பார்க்க வேண்டும். இன்று உலகில் ஃபிலிம் பூசும் பெரிய ஆலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். உங்கள் ரோல் அவற்றில் ஒன்றிலிருந்துதான் வர வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? லென்ஸை உங்கள் கணக்கிலிருந்து கழற்றி விடுங்கள். உடம்பு, ஃபோகஸ் வளையம், வியூஃபைண்டர் மட்டும் விற்பது. லென்ஸை வாங்குபவரே தேடிக்கொள்வது. வெளிநாட்டில் பல சிறு தயாரிப்பாளர்கள் செய்வது இதுதான். அப்போது முப்பதுக்கு அடக்கம் 14,500, நூறுக்கு 11,000. எண்ணிக்கையால் வரும் இறக்கம் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு, அதாவது வாங்குபவர் கண்ணுக்குத் தெரிகிற இறக்கம். எந்தெந்த லென்ஸ் பொருந்தும் என்று ஒரு பட்டியல் மட்டும் சோதித்துக் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் சொல்லும் 28,000 உங்களுக்கு நஷ்டம் என்பது இதற்குள் புரிந்திருக்கும். அடக்கமே 30,500. அதில் உங்கள் லாபமும் இல்லை, திரும்பி வரும் கேமராவைச் சரிசெய்யும் செலவும் இல்லை, கூரியரில் உடைவதும் இல்லை. லென்ஸோடு கேட்பவருக்கு 37,000க்குக் குறையாமல் சொல்லுங்கள். உடம்பு மட்டும் என்றால் 18,000. பாதி முன்பணம் வாங்கி, பதினைந்து பதினைந்தாக இரண்டு தவணையில் செய்யுங்கள். முதல் தவணையில் வரும் குறை இரண்டாவதில் திருந்தும், மோல்டு போட்டிருந்தால் அது முடியாது. பாகங்கள் வாங்கும்போது முப்பதுக்கு வாங்காமல் முப்பத்தைந்துக்கு வாங்குங்கள், மூன்று வருடம் கழித்து ஒருவர் உடைந்த வியூஃபைண்டரோடு வருவார்.

செராமிக்காரர் என்பதால் உடம்பைப் பீங்கானிலேயே வார்த்தால் என்ன என்ற ஆசை உங்களுக்கு வந்திருக்கும், கேட்கக் கூச்சப்பட்டிருப்பீர்கள். வேண்டாம். சூளையில் சுருங்கும் அளவு ஒவ்வொன்றுக்கும் இம்மி மாறினாலும் ஃபிலிம் தட்டையாக உட்காராது, பின்மூடியில் வெளிச்சம் கசியும். அதைச் சரிசெய்யத் தேய்த்து மெருகிடும் செலவைச் சேர்த்தால் லைக்கா விலைக்குப் போய்விடும். ஷட்டர் பொத்தானை வேண்டுமானால் பீங்கானில் செய்யுங்கள். அதற்கு பிளாஸ்டர் அச்சே போதும், முப்பத்தைந்தும் ஒரே அச்சில் வந்துவிடும்.

'பிளாஸ்டிக் பெட்டிக்கா?' என்று அடுத்த முறை கேட்பவரிடம் வாதாட வேண்டாம். லென்ஸ் வாங்கிய பில்லை எடுத்து முன்னால் வையுங்கள்.